பதின்மூன்று பல், பதினைந்து பல்

எங்கள் வீட்டில் அப்போது ஒரே ஒரு மோட்டார்தான் இருந்தது. ஜொகூரில் மோட்டார் என்றால் மோட்டார்சைக்கிள். கப்சாய் என்று எல்லாரும் சொல்கிற சின்ன வண்டி அது. எனக்குக் கல்யாணமாகி பெக்கோக்குக்கு வருவதற்கு முன்பே என் கணவர் அதை வாங்கியிருந்தார். எண்ணெய் எடுக்கிற செம்பனைக் குலைகளை ஏற்றுவதற்கென்றே வாங்கியது. பின்னால் இரும்புச் சட்டமும் இரண்டு பக்கமும் கூடைகளும் இருக்கும்.

அவருடைய பங்கு நிலம் ஒரு சரிவில் இருக்கிறது. மேலே மண்சாலை, கீழே ஓடை, நடுவில் செம்பனை மரங்கள். லாரி மேலேதான் நிற்கும். வெட்டிய குலைகளை வண்டியில் ஏற்றிச் சரிவில் ஏறிக் கொண்டுவந்து சேர்க்க வேண்டும். அதற்காக அவர் பின்சக்கரத்தில் பெரிய ஸ்பிராக்கெட் போட்டிருந்தார். செயின் ஓடுகிற அந்தப் பல்சக்கரம் பெரிதாக இருந்தால் வண்டிக்கு இழுவை கூடும், வேகம் குறையும். எருமை மாதிரி இழுக்கும் என்று அவர் பெருமையாகச் சொல்வார். உண்மைதான். நான் பிறந்து வளர்ந்த பொந்தியானில் தரை தட்டையாகக் கிடக்கும்; மேடு என்றால் அது ஆற்றுப் பாலம்தான். அந்தச் சரிவில் அவர் முழுக் கூடையோடு ஏறி வருவதை முதல் தடவை பார்த்தபோது நான் பக்கத்து மரத்தைப் பிடித்துக்கொண்டு நின்றேன்.

பிறகு எனக்கு சிகாமட்டில் வேலை கிடைத்தது. டயாலிசிஸ் மையத்தில் உதவியாளர். சிறுநீரகம் செயலிழந்தவர்கள் வாரம் மூன்று தடவை வந்து, இயந்திரத்தில் ரத்தத்தைச் சுத்தம் செய்துகொண்டு போவார்கள். முதல் வேளைக்கு வருகிறவர்களுக்கு முன்னால் நான் அங்கே இருக்க வேண்டும். பெக்கோக்கிலிருந்து பெரிய சாலைக்கு வந்து, லாபிஸைக் கடந்து போனால் ஒரு மணி நேரத்துக்குக் குறையாத ஓட்டம். கணவர் மற்ற நாட்களில் ஒரு குத்தகைக்காரரின் லாரியில் எஸ்டேட்டுக்குக் குலை வெட்டப் போவார். தன் நிலத்து வேலையை ஞாயிற்றுக்கிழமை பார்ப்பார். ஆகவே ஞாயிறு தவிர மற்ற நாட்களில் மோட்டார் எனக்கு.

எருமை மாதிரி இழுக்கிற வண்டி சாலையில் எருமை மாதிரியேதான் ஓடியது. நாலாவது கியருக்குப் போய்விட்டால் அதற்கு மேல் ஒன்றும் இல்லை. அறுபதைத் தொட்டதும் எஞ்சின் கத்தும்; எழுபதில் கைப்பிடியும் மிதிகட்டையும் சேர்ந்து அதிரும். மரம் ஏற்றிய லாரிகள் பின்னால் வந்து முட்டுவது போல நின்று, ஹாரன் அடித்து, என்னை ஓரத்துக்குத் தள்ளிவிட்டுப் போகும். இருக்கையில் குறுகி உட்கார்ந்து, இன்னும் கொஞ்சம் போ என்று வண்டியிடம் கெஞ்சுவேன்.

மையத்தில் எனக்குக் காலையில் முதல் வேலை பிளாஸ்டர் கிழிப்பது. தாதி ஊசி போட்டதும் குழாயை ஒட்டுவதற்குத் துண்டு துண்டாகக் கிழித்து மேசை விளிம்பில் வரிசையாக ஒட்டி வைக்க வேண்டும். ஒரு மணி நேரம் அதிர்ந்து வந்த விரல்களுக்கு பிளாஸ்டரின் முனை தட்டுப்படாது. கிழித்தது தன்மேலேயே ஒட்டிக்கொள்ளும். தலைமைத் தாதி ஒருநாள் என் கையைப் பிடித்துப் பார்த்துவிட்டு, குளிரா என்று கேட்டார். மோட்டார் என்றேன். அவருக்கு விளங்கவில்லை.

அன்று மாலை கணவரிடம் சொன்னேன். பின்னால் பழையபடி சின்ன ஸ்பிராக்கெட் போட்டுவிடலாம் என்று. அவர் சாப்பிட்டுக்கொண்டே கேட்டார்.

“அப்புறம் குலைய எப்படி மேல ஏத்துறது?”

“நான் தினம் போறேன். நீங்க ஞாயித்துக்கிழமை ஒரு நாள்தானே ஏத்துறீங்க.”

“அந்த ஒரு நாள்லதான் நம்ம நிலம் இருக்கு.”

அவர் சொன்னதும் நியாயம்தான். அதனால்தான் எனக்கு எரிச்சல் வந்தது. இரண்டாவது வண்டி என்பது அந்த வருஷம் நினைத்துப் பார்க்கிற விஷயம் இல்லை. அவர் தட்டைக் கழுவி வைத்துவிட்டுப் போய்ப் படுத்தார். அதன்பின் சில நாட்கள் இரண்டு பேரும் மோட்டாரைப் பற்றிப் பேசவில்லை. பேசாமல் இருந்ததிலேயே எந்நேரமும் அதுதான் இருந்தது.

லாபிஸில் ஒரு சீனரின் மோட்டார் கடை உண்டு. எண்ணெய் மாற்ற நின்றபோது, பின்னால் ஸ்பிராக்கெட்டை வாராவாரம் மாற்றி மாற்றிப் போடலாமா என்று அவரிடம் சும்மா கேட்டேன். பின்சக்கரத்தை ஏன் வாராவாரம் கழற்ற வேண்டும் என்று அவர் மலாயில் திருப்பிக் கேட்டார். பின்னால் வழக்கமானதையே போட்டுவிட்டு, முன்னால் எஞ்சினை ஒட்டி இருக்கிற சின்ன ஸ்பிராக்கெட்டை மட்டும் மாற்றிக்கொள்ளச் சொன்னார். முன்னால் ஒரு பல் கூடினாலும் குறைந்தாலும் பின்னால் இரண்டு மூன்று பல் மாற்றியதற்குச் சமமாம். சாலைக்குப் பதினைந்து பல், சரிவுக்குப் பதின்மூன்று பல். முன்னால் பல் கூடினால் எஞ்சின் ஒரு சுற்றுச் சுற்றும்போது சக்கரம் கூடுதல் தூரம் போகும். குறைந்தால் இழுவை கூடும். பின்னால் இருப்பதற்கு நேர் எதிர். இரண்டையும் வாங்கி, பின்னால் வழக்கமானதையும் முன்னால் பதினைந்தையும் போடச் சொல்லிவிட்டு, நான் அங்கேயே ஸ்டூலைப் போட்டு உட்கார்ந்து அவர் செய்வதை முழுக்கப் பார்த்தேன். கியர் மிதியைக் கழற்றினார், இடப்பக்க மூடியை எடுத்தார். உள்ளே ஸ்பிராக்கெட்டைப் பிடித்துக்கொண்டு ஒரு தகடு, தகட்டுக்கு இரண்டு சின்ன போல்ட்டுகள். பின்சக்கரத்தின் நட்டைத் தளர்த்திச் செயினை நெகிழவிட்டதும் ஸ்பிராக்கெட் கையோடு வந்துவிட்டது. இவ்வளவுதானா என்று கேட்டேன். இவ்வளவுதான், ஆனால் போல்ட்டை நன்றாக முடுக்க வேண்டும் என்றார்.

மறுநாள் லாபிஸைத் தாண்டிய நீட்டுச் சாலையில் எழுபதில் போனேன். எஞ்சின் சாவகாசமாக ஓடியது. எண்பதுக்குக்கூடப் போகும் போலிருந்தது. கண்ணாடியில் லாரி தெரிந்தது, ஆனால் நெருங்கவில்லை. ஒரு சின்ன ஏற்றத்தில் வண்டி முனகியது. மூன்றாவது கியருக்கு இறக்கினேன், ஏறிவிட்டது. மையத்துக்குப் போய் பிளாஸ்டரைக் கிழித்தேன். ஒழுங்காக வந்தது.

கணவர் முதலில் நம்பவில்லை. இவ்வளவூண்டு சக்கரத்தில் ஒரு பல் கூடிக் குறைவதில் என்ன வந்துவிடப் போகிறது என்றார். சனிக்கிழமை மாலை கார் நிறுத்துகிற கூரையின் கீழ், கார் இல்லாத எங்கள் இடத்தில், பழைய செய்தித்தாளை விரித்து இரண்டு பேரும் உட்கார்ந்தோம். நான் பார்த்ததைச் சொன்னேன், அவர் செய்தார். பதின்மூன்று பல் ஏறியது. ஞாயிறு மத்தியானம் சரிவிலிருந்து வந்தவர் முகத்தைக் கழுவிக்கொண்டே, “முன்ன மாதிரி இழுக்கல. ரெண்டு நடை கூடப் போச்சு, அவ்வளவுதான்” என்றார். அவரிடமிருந்து அதற்கு மேல் ஒப்புதல் எதிர்பார்க்க முடியாது.

அது அப்படியே எங்கள் வழக்கமாகிவிட்டது. சனிக்கிழமை அவர் சரிவுக்கு மாற்றுவார், ஞாயிறு மாலை நான் சாலைக்கு மாற்றுவேன். கை பழகப் பழக, சோறு வேகிற நேரத்துக்குள் முடிந்துவிடும். அண்டை வீட்டு அக்கா வேலிப் பக்கம் நின்று, நீங்கள் இரண்டு பேரும் வாராவாரம் அந்த மோட்டாரை என்னதான் செய்கிறீர்கள் என்று கேட்டார். கணவர், “செருப்பு மாத்துற மாதிரிக்கா. வீட்டுக்கு ஒண்ணு, ரோட்டுக்கு ஒண்ணு” என்று சொல்லிச் சமாளித்தார்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை குளுவாங்கில் சொந்தக்காரர் வீட்டுக் கல்யாணம். கணவர் நிலத்து வேலையால் வரவில்லை. நான் சித்தி குடும்பத்தோடு போய், நல்ல மழையில் திரும்பி வந்தேன். கூரையின் கீழ் அவர் மோட்டாரைத் துடைத்து நிறுத்தியிருந்தார். நானே மாற்றிவிட்டேன், நீ களைத்து வருவாய் என்று தெரியும் என்றார். எனக்குச் சந்தோஷமாக இருந்தது. சேலையை மாற்றிக்கொண்டு படுத்துவிட்டேன்.

மறுநாள் காலை லாபிஸைத் தாண்டியதும் இடது காலுக்குப் பக்கத்தில் கடகடவென்று சத்தம். கல் ஏதோ மாட்டிக்கொண்டது என்று நினைத்தேன். சத்தம் கூடியது. வேகத்தைக் குறைக்கலாம் என்று கை எடுப்பதற்குள் ‘டமார்’ என்று ஒரு அடி. எஞ்சின் ஒரு கணம் அலறியது, ஆனால் வண்டியை எதுவும் இழுக்கவில்லை. பின்சக்கரம் இறுகிப் பூட்டிக்கொள்ளவில்லை. அது என் அதிர்ஷ்டம். உருட்டிக்கொண்டே ஓரப் புல்லுக்கு வந்து நிறுத்தினேன். பின்னால் வந்த லாரி காற்றை அறைந்துவிட்டுப் போனது. இடப்பக்க மூடி உடைந்திருந்தது. உள்ளே செயின் சுருண்டு கிடந்தது. ஸ்பிராக்கெட் தண்டைவிட்டு வெளியே வந்து மூடிக்குள் சரிந்திருந்தது. ஒரு போல்ட்டைக் காணவில்லை.

புல்லில் உட்கார்ந்துவிட்டேன். கணவரைக் கூப்பிட்டேன், எடுக்கவில்லை. மரத்தடியில் நிற்கும்போது போனை லாரியில் வைத்துவிடுவார். மையத்தைக் கூப்பிட வேண்டும் என்று நினைத்துக்கொண்டிருந்தபோது ஒரு வெள்ளை வேன் தாண்டிப் போய், நின்று, பின்னால் வந்தது. நோயாளிகளை ஏற்றிக்கொண்டு எங்கள் மையத்துக்குப் போகிற வேன். கண்ணாடியை இறக்கியவர் மூன்றாவது படுக்கைக்கு வருகிற மலாய் அம்மா; மக்சிக் என்று, அத்தை முறையில் கூப்பிடுவோம். அலமாக், ஐயையோ, இது நம்முடைய பெண் என்று ஓட்டுநரிடம் சொன்னார்.

அவர் தன் பையை மடியில் எடுத்து வைத்துக்கொண்டு எனக்கு இடம் விட்டார். எனக்கு அடிபட்டதா என்று கையையும் முழங்காலையும் தொட்டுப் பார்த்தார். பின்னால் இருந்த சீனப் பெரியவர், இவள் வராவிட்டால் எனக்கு யார் பிளாஸ்டர் ஒட்டுவது, அந்தப் புதுப் பெண் கை முடியைப் பிய்த்துவிடுகிறாள் என்றார். எல்லாரும் சிரித்தார்கள். எனக்கு அழுகை வந்தது. மக்சிக் வாழையிலையில் சுற்றிய குயே பலகாரம் ஒன்றை என் கையில் வைத்து, சாப்பிடு, மயக்கம் வரும் என்றார். நான் அவரிடம் மூன்று வருஷமாகச் சொல்லி வருகிற அதே பேச்சு. வேனுக்குள் தைல வாசனை. ஓட்டுநர் பழைய மலாய்ப் பாட்டு போட்டிருந்தார். அவர்களை நான் படுக்கையில் மட்டுமே பார்த்திருந்தேன். இங்கே நான்தான் அவர்களிடம் வந்து சேர்ந்தவள்.

முதல் வேளை தொடங்குவதற்குள் மையத்தில் இறங்கினோம். நானும் அவர்களும் சேர்ந்து உள்ளே நுழைந்ததைப் பார்த்துத் தலைமைத் தாதி பிளாஸ்டர் சுருளை என்னிடம் நீட்டினார். பிறகு தேநீர் நேரத்தில் நடந்ததைச் சொன்னேன். அவர் நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்து முழுக்கக் கேட்டார்.

மத்தியானம்தான் கணவர் போனை எடுத்தார்; மாலையில் கூட்டாளியின் லாரியோடு மையத்துக்கு வந்து என்னைக் கூட்டிக்கொண்டு, வழியில் மோட்டாரை ஏற்றிக்கொண்டார். வீட்டில் வண்டியை இறக்கி, உடைந்த மூடிக்குள் கையைவிட்டுத் தகட்டை எடுத்துப் பார்த்தபடி குந்தியிருந்தார். பிறகு தலை நிமிராமல் சொன்னார்.

“ஒரு போல்ட்ட முடுக்குனேன். இன்னொண்ண கையால திருகி வச்சேன். சாரல் அடிச்சிச்சு, வண்டிய உள்ள தள்ளுனேன். அப்புறம் முடுக்குனதா நெனச்சு மூடிட்டேன்.”

நான் வேனில் யோசித்து வைத்திருந்த வார்த்தைகள் நிறைய இருந்தன. அவர் கையிலிருந்து தகட்டை வாங்கிப் பார்த்தேன்.

“உனக்கு வேல கொறையட்டும்னுதான் செஞ்சேன்” என்றார்.

“தெரியும். அதனாலதான் திட்ட முடியல. ஆனா இனிமே யார் ஓட்டப் போறாங்களோ அவங்கதான் முடுக்கணும். நான் பார்க்காம மூடிய மூடாதீங்க.”

சரி என்றார். இரவு சோற்றை அளைந்துகொண்டே இருந்தார். நான் இன்னொரு கரண்டி குழம்பு ஊற்றினேன்.

மூடியும் செயினும் வரும்வரை அந்த வேனிலேயே போய்வந்தேன். ஓட்டுநர் எதுவும் வாங்க மறுத்துவிட்டார். நாளுக்கொரு கூட்டம். சீனப் பெரியவருக்கு சாஆ ஊர்ப் பக்கம் டுரியான் பழ மரங்கள் இருப்பதும், டயாலிசிஸ் நாளில் மக்சிக்கின் பூனை வீட்டு வாசலைவிட்டு நகராது என்பதும் அங்கேதான் தெரிந்தது. அதற்குப் பிறகு மூன்றாவது படுக்கை, ஏழாவது படுக்கை என்று என்னால் அவர்களைச் சொல்ல முடியவில்லை. வேலை நேரத்தில் இதனால் தொல்லையும் உண்டு. ஒருவர் வராத நாளில் மனம் அங்கேயே நிற்கும்.

பிறகு கொஞ்ச காலம் அதே ஏற்பாடு நடந்தது. சனிக்கிழமை அவர், ஞாயிற்றுக்கிழமை நான், இரண்டு போல்ட்டையும் ஸ்பானரால் முடுக்கி, இன்னொருவரும் ஒரு தடவை தொட்டுப் பார்த்த பிறகு மூடி. அப்புறம் ஒரு பழைய வண்டி நல்ல விலைக்கு வந்தது; அவர் அதை வாங்கி, தன் மனம்போலப் பின்னால் பெரிய ஸ்பிராக்கெட்டைப் போட்டுக்கொண்டார். சரிவில் அது பழையபடி எருமையாக இழுக்கிறது. என் வண்டியிலிருந்து இரும்புச் சட்டத்தையும் கூடைகளையும் கழற்றியாயிற்று. பதினைந்து பல் நிரந்தரமாகிவிட்டது.

இப்போது ஞாயிறு மாலைகளில் செய்வதற்கு ஒன்றும் இல்லை. முதல் சில வாரம் இரண்டு பேருக்கும் கை சும்மா இருப்பது போலிருந்தது. அவர் டிவி பார்ப்பார், நான் துணி மடிப்பேன். ஆனால் சில காலைகளில் நான் ஹெல்மெட்டை எடுத்துக்கொண்டு வெளியே வரும்போது அவர் என் மோட்டார் பக்கத்தில் குந்தி எதையோ பார்த்துக்கொண்டிருப்பார். என்னைக் கண்டதும் எழுந்துகொள்வார்.

“செயின் கொஞ்சம் தளர்வா இருக்கு. சாயங்காலம் பாத்துக்க” என்பார்.

சரி என்று சொல்லிவிட்டுக் கிளம்புவேன்.