பல்லில் கவ்விய பை

பீரங்கிக்குப் பாகங்கள் செய்யும் புதுத் தொழிற்சாலைக்கு எங்கள் ஊரிலிருந்து வேலைக்குப் போன முதல் பெண் நான். முதல் நாள், இரண்டு கையாலும் திருகாணி பொறுக்க வேண்டியிருந்ததால், அவற்றைப் போடும் துணிப்பையை என்னையறியாமல் பல்லில் கவ்விக்கொண்டேன். பித்தளை வாடையும் துணி ருசியும் நாக்கில் பட்டதும் பழவேற்காடு ஏரியின் அந்தப் பழைய ஓரம் திரும்பி வந்தது. இப்போது தொழிற்சாலை லாரிகள் போகும் சாலை அதன் மேல்தான் கிடக்கிறது. அங்கே அம்மாவும் மற்றப் பெண்களும் முழங்கால் நீரில் குந்தி, கலங்கலுக்குள் கையால் துழாவி, அகப்பட்ட இறாலை வாயில் கவ்விய ஓலைப்பறிக்குள் போட்டபடியே நகர்வார்கள். வாய் திறந்தால் பறி விழுந்துவிடும் என்பதால் இருபது பேர் இருந்தும் பேச்சே இருக்காது, மூச்சும் நீரின் சளசளப்பும்தான் கேட்கும், கரையேறியதும் இருபது பேரும் ஒரே நேரத்தில் பேசுவார்கள்.

"இன்னாம்மா, பைய வாயில கவ்விக்கினு கீறே?" என்றார் சூப்பர்வைசர். வரிசையே சிரித்தது. நான் அடுத்த திருகாணியைப் பொறுக்கிப் பைக்குள் போட்டேன். வாயைத் திறந்தால் பை விழும்.

வீட்டில் இதைச் சொன்னபோது அம்மா சிரிக்கவில்லை.

"ஒண்ணாவது கீழ வுழுந்துச்சா?"

"இல்லம்மா."

"அப்புறம் இன்னா" என்றாள்.