ஒன்பது மீட்டர் ஆழத்துக் கற்கள்

அந்தக் கற்களைப் பார்த்ததும் எனக்குச் சந்தேகம்தான் வந்தது.

ஒரகடத்தில் ஒரு புதிய தொழிற்சாலைக்காக மண் பரிசோதனை நடந்துகொண்டிருந்தது. நிலத்தில் துளையிட்டு, ஒன்றரை மீட்டருக்கு ஒருமுறை மண்ணெடுத்து, பாலித்தீன் பையில் கட்டி, மேலே ஆழத்தை எழுதி வைப்பார்கள். அவற்றைச் சரிபார்த்துப் பதிவேட்டில் எழுதுவது என் வேலை. மூன்றாம் துளையின் ஒன்பது மீட்டர்ப் பையில், நெல்லிக்காய் அளவில் ஐந்து கூழாங்கற்கள் இருந்தன.

என் நோட்டில் வரிசையாகக் குறித்தேன். முதல் இரண்டு துளைகளிலும் அந்த ஆழத்தில் வெறும் களிமண். முந்தின நாள் இந்த மண் மாதிரியை எடுத்தபோது நான் சாப்பிடப் போயிருந்தேன். பக்கத்துக் கம்பெனி வாசலில் அழகுக்காகக் கூழாங்கல் கொட்டியிருக்கிறார்கள். எங்கள் துளைக்காரர் தண்ணீர் பிடிக்கப் போவது அந்த வாசலுக்குத்தான். எடுத்த மண் நழுவி விழுந்துவிட்டால் கையில் கிடைத்ததைப் பையில் போட்டு நிரப்புவது இந்தத் தொழிலில் நடக்காததில்லை.

பதிவேட்டில் 'மாதிரி ஐயத்துக்குரியது' என்று எழுதிவிட்டேன். மாலையில் அது மேலாளரிடம் போகும். போலி மாதிரி என்றால் துளைக்காரரை அன்றே அனுப்பிவிடுவார்கள். அவருக்கும் அது தெரியும்.

அவர் வாலாஜாபாத் பக்கத்துக்காரர். என்னைவிட நாலைந்து வயது கூட இருக்கும். விஷயத்தைச் சொன்னேன். கையைத் துடைத்துக்கொண்டே கேட்டார்.

"இன்னா மேடம், நான் தோட்டத்துல கல்லு பொறுக்கினு வந்து பையில போட்டேன்றீங்களா?"

துளையிடும் இன்ஜினைப் பார்த்துக்கொண்டிருந்த அவருடைய உதவியாளர் அங்கிருந்தே சொன்னார்: "அப்டியே ரெண்டு செடியும் சேத்துப் போட்டிருக்கலாம்ல?"

துளைக்காரர் சிரிக்கவில்லை. "ஏமாத்தணும்னா நான் களிமண்ண உருண்ட புடிச்சிப் போட்டிருப்பேன். உங்களுக்கு டவுட்டே வந்திருக்காது."

அது நியாயமாக இருந்தது. நியாயமாகப் பேசுகிறவர்களை நான் அதிகம் நம்புவதில்லை. இரண்டு மீட்டர் தள்ளி இன்னொரு துளை போடச் சொன்னேன். வாசலிலிருந்து நான்கு கற்களை எடுத்து வந்து மேசைமேல் வைத்தேன். பிறகு அந்த இடத்தைவிட்டு நகரவில்லை. சாப்பாட்டு டப்பாவைத் திறக்கவும் இல்லை.

எட்டு மீட்டர் வரை களிமண். அதைத் தாண்டியதும் துளையிடும் இரும்புக் கம்பி கடகடவென்று அதிர்ந்தது. துளையிலிருந்து வரும் சேற்றுநீரில் மணல் வரத் தொடங்கியது. ஒன்பது மீட்டரில் மண்ணெடுத்த குழாயைத் துளைக்காரர் என் கண்முன்னே திறந்தார். மணலுக்கு நடுவே மூன்று கூழாங்கற்கள். கழுவிப் பார்த்தேன். வாசல் கற்கள் மெழுகு பூசியதுபோல் வழவழத்தன. இவற்றின் சிறு குழிகளில் களிமண் இறுகிக் கிடந்தது.

களிமண் படிய நின்ற நீர் போதும். கல்லை உருட்டி இப்படித் தேய்க்க ஓடும் ஆறு வேண்டும். பாலாறு இன்று வாலாஜாபாத்துக்குத் தெற்கே ஓடுகிறது. ஒரு காலத்தில் வடகிழக்காகத் திரும்பி ஓடியது என்று படித்திருக்கிறேன். இது அதன் தடமா, அதற்கும் முந்திய ஏதோ ஆறா, எனக்குத் தெரியாது. மேலே வல்லக்கோட்டைச் சாலை வரை தட்டையான நிலம். ஓர் ஆறு இருந்ததாக அது காட்டிக்கொள்ளவே இல்லை.

எழுதியதை அடித்துவிட்டு, 'மாதிரி சரியானது. மறுதுளையில் உறுதி செய்யப்பட்டது' என்று எழுதி, துளைக்காரர் பெயரையும் குறித்துக் கையெழுத்திட்டேன். படித்துக் காட்டச் சொன்னார். படித்தேன். அடித்த வரி இன்னும் தெரிகிறது என்றார். தெரியத்தான் வேண்டும், அதுதான் விதி என்றேன். சரி, என் பேரை மட்டும் இன்னும் கொஞ்சம் பெரிசா எழுதுங்க என்றார். எழுதினேன்.

அப்போது என் கண் முதல் இரண்டு துளைகளின் பைகள்மேல் போனது. இரண்டிலும் உருண்டை பிடித்ததுபோல் அழகான, ஒரே மாதிரியான களிமண். அவர் என்னைப் பார்த்தார்.

"அந்த ரெண்டும் எடுத்தப்போ நீங்க பக்கத்துலதான் நின்னுனு இருந்தீங்க மேடம்."

நின்றிருந்தேனா என்று என் நோட்டைப் புரட்டினேன்.