அரைச்சுவர் குதிக்கப் பழகினார்

ஏணியிலிருந்து விழுந்த நாளிலிருந்து அந்தப் பெயின்டருக்குப் பெயர் அரைச்சுவர். கை எட்டுகிற மட்டும் அவர் அடிப்பார், அதற்கு மேலே மச்சினன் ஏறி அடிப்பான். எலும்பு ஒன்றும் முறியவில்லை. உடம்பு தேறிவிட்டது, கால்தான் தேறவில்லை. இரண்டாம் படியில் வைத்ததும் தையல் மிஷின் மாதிரி ஆட ஆரம்பித்துவிடும்.

மேஸ்திரி நல்ல மனுஷன்தான். நல்ல மனுஷனுக்கும் பொறுமை தீரும் அல்லவா?

"அடுத்தது பெரிய ஹாலு. ஏற முடிஞ்சா பிரஷ்ஷை எடு. முடியலேன்னா உப்புத்தாளை எடுத்துக்கிட்டு பட்டி தேய்" என்று சொல்லிவிட்டார்.

சுவரில் பூசிக் காய்ந்த பட்டி மாவை வழவழப்பாகத் தேய்ப்பது நேற்று வேலைக்கு வந்தவன் செய்கிற வேலை. நரைத்த தலையில் மாவைக் கொட்டிக்கொண்டு வீட்டுக்கு வருவதா என்று அவருக்குச் சோறு இறங்கவில்லை.

யாரோ காலி செய்துவிட்டுப் போன வீட்டில் ஒற்றைச் சக்கர சைக்கிள் ஒன்று கிடந்தது. வெள்ளையடிக்கப் போனவர் வீட்டுக்காரரிடம் கேட்டு வாங்கி வந்தார். வீட்டுக்குப் பக்கத்துச் சந்தில் விழுந்து எழுந்து ஓட்டவும் பழகிவிட்டார். அவருக்கு வேண்டியது ஓட்டம் இல்லை, குதிப்பு. சக்கரமும் ஆளும் சேர்ந்து தரையை விட்டு எழும்ப வேண்டும்.

"தரையை விட்டு எழும்பியும் விழாம நின்னுட்டேன்னா, அப்புறம் ஏணி எம்மாத்திரம்?" இது அவர் கணக்கு.

"விழப் பயந்தவரு, விழுறதுக்குன்னே ஒரு வண்டி வாங்கியாந்திருக்காரு" என்றாள் மனைவி.

"இன்னொரு சக்கரத்தையும் கேட்டு வாங்கியிருக்கலாமே, மாமா!" என்றான் மச்சினன்.

மிதி இரண்டையும் சமமாக வைத்து, அதன்மேல் எழுந்து நின்று, ஒரு கையால் சீட்டைப் பிடித்து மேலே இழுத்துக்கொண்டே எம்ப வேண்டும். எல்லாம் சரியாகத்தான் செய்வார். எம்புகிற நேரம் பார்த்து, சும்மா இருக்கிற மற்றக் கை ஓடிப்போய்ச் சுவரைப் பிடிக்கும். உடம்பு சுவர்ப் பக்கம் சாயும், சக்கரம் எதிர்ப் பக்கம் வழுக்கும். அப்புறம் சைக்கிள் ஒரு மூலை, அவர் ஒரு மூலை.

குழாயடியில் துணி அலசிக்கொண்டிருந்த மனைவி இதைப் பார்த்துப் பார்த்துச் சலித்துப்போனாள். உள்ளே போய்க் காய்ந்த பிரஷ் ஒன்றை எடுத்து வந்து நீட்டினாள்.

"இந்தாங்க, அந்தக் கையில இதைப் பிடிங்க."

அவர் முகம் சுருங்கியது. "பிரஷ் இருந்ததாலதான்டி அன்னிக்கு விழுந்தேன். கை சும்மா இருந்திருந்தா எதையாவது பிடிச்சிருப்பேன்."

"எதைப் பிடிச்சிருப்பீங்க? காத்தையா? ஈரத் தரையில ஏணிக்கால் வழுக்கிச்சு, விழுந்தீங்க. கை பாவம், அது என்ன செஞ்சுச்சு?"

அவர் தன் கையைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். விழுந்ததிலிருந்து ஏணியை இரண்டு கையாலும் கட்டிப்பிடித்துக்கொண்டே ஏறப் பார்த்தது நினைவுக்கு வந்தது. கட்டிப்பிடித்த கையால் சுவரடிப்பது எப்படி? இத்தனை நாளும் காலைத் திட்டிக்கொண்டிருந்தோமே, பயம் கையில் அல்லவா இருந்திருக்கிறது என்று தோன்றியது.

பிரஷ்ஷை வாங்கிக்கொண்டு மிதிமேல் நின்றார். எம்பினார். பிரஷ் பிடித்த கை சுவர்ப் பக்கமே போகவில்லை. பிரஷ் பிடித்துவிட்டால் பெயின்ட் காயாத சுவரில் உள்ளங்கை படக்கூடாது என்று எந்தக் காலத்திலோ அந்தக் கைக்குப் படிந்த பழக்கம். சக்கரம் ஒரு விரற்கடை எழும்பி, தொப்பென்று அதே இடத்தில் இறங்கியது. ஆளும் அதன்மேலேயே இருந்தார். இன்னொரு தரம். இன்னொரு தரம். மனைவி துணியைப் பிழிய மறந்து நின்றாள்.

ஹாலில் வேலை தொடங்கிய அன்று தரையை அவரே துடைத்தார். ஏணிக்காலை உதைத்து உதைத்துப் பார்த்தார். பிறகு பிரஷ்ஷும் கையுமாக ஏறினார். இரண்டாம் படியில் கால் ஆடத்தான் செய்தது.

"மாமா, கால் ஆடுதே! இறங்கிடுங்க!"

"அது ஆடினா ஆடிட்டுப் போவுது. நீ ஏணியை ஆட்டாம பிடி."

மேலே போனார். கொஞ்ச நேரத்தில் மேஸ்திரி உள்ளே வந்து அண்ணாந்து பார்த்தார். வாய் திறந்தவர் நல்லதாக ஒரு வார்த்தை சொல்லவில்லை.

"மூலையில பட்டையா பெயின்ட் விட்டுப்போச்சு, கண்ணு தெரியலையா?"

"தெரியுது, தெரியுது. அங்கதான் வர்றேன்" என்றார் பெயின்டர். ஏச்சு வாங்கி இப்படிப் பல்லைக் காட்டிய மனுஷனை மச்சினன் அன்றுதான் பார்த்தான்.