கடதாசி மானுக்குப் பரும்படி மருந்து

நேற்று துருக்கிக்காரர் கடையில் கோதுமைக் குறுணல் கேட்டேன். "குரோவா, ஃபீனா?" என்றார் கடைக்காரர். பரும்படியா, பொடியா என்று கேட்கிறார். இரண்டிலும் ஒரு சிட்டிகை எடுத்து விரலில் உருட்டினேன். சிரிப்பு வந்துவிட்டது. என் மனுசன் செத்து எட்டு மாதம்கூட ஆகவில்லை, குறுணலைப் பார்த்துச் சிரிக்கிறேன். கதையைக் கேட்டால் நீங்களும் சிரிப்பீர்கள்.

எண்பத்தைந்தில் நாங்கள் டென்மார்க்கில் ஒடென்சேக்கு வந்த புதிது. இவருக்கு இறைச்சித் தொழிற்சாலையில் வேலை. பாஷை தெரியாது, யார் என்ன சொன்னாலும் தலையாட்டுவதோடு சரி. கூட வேலை செய்த நீல்ஸிடம் பழையகால வேட்டைத் துவக்கு ஒன்று இருந்தது. வாய்ப்பக்கத்தால் வெடிமருந்தும் குண்டும் போட்டு இடிக்கிறது. வன்னியில் இடியன் என்போமே, அதுதான். ஒருநாள் அவன் படத்தைக் காட்ட, தானும் இடியனால் மான் சுட்டவன் என்று இவர் கையாலும் காலாலும் சொல்லிவிட்டார். நீல்ஸுக்குப் புளுகம், துள்ளாத குறை. குறி சிதறுது, சனிக்கிழமை வந்து எந்த மருந்து நல்லதென்று சொல் என்றானாம்.

வீட்டுக்கு வந்தவர் சப்பாத்தைக்கூடக் கழற்றவில்லை.

"இஞ்சரும், உம்மட அப்பா இடியனுக்கு என்ன மருந்து போட்டவர்?"

"ஏன், நீங்கள்தானே மான் சுட்டனீங்கள்?"

"நான் எங்க சுட்டனான்? சுட்ட மானைத் தூக்கினனான்."

"அட புளுகரே!"

"சிரியாதையும். இந்த நாட்டில முதன்முதலா ஒருத்தன் என்னட்டை ஒண்டு கேட்டிருக்கிறான். பிழைச்சால் அவன்ர முகத்தில எப்பிடி முழிக்கிறது?"

நான் படித்தது ஐந்தாம் வகுப்பு. ஆனால் அப்பாவின் மருந்தை அரிதட்டில் அரித்தது நான்தான். குழல் அகலமென்றால் பரும்படி, ஒடுக்கமென்றால் பொடி. அகலக் குழலுக்குப் பொடி போட்டால் பக்கென்று எரிந்து தோளை இடிக்கும், குறியும் தப்பும். என்னுடைய விஞ்ஞானம் அவ்வளவுதான்.

"குழல் எவ்வளவு அகலம்?"

"படத்தில எப்பிடித் தெரியும்? நீரும் வாரும்."

ஊருக்கு வெளியே புதர் மண்டிய பற்றைக்காணி. தூரத்தில் கடதாசி மான். மேசையில் இரண்டு டப்பா. ஒன்றில் உடைத்த மிளகு மாதிரி, மற்றதில் ரவை மாதிரி. நீல்ஸும் கூட்டாளிகளும் இவரைப் பார்த்தார்கள். இவர் என்னைப் பார்த்தார். வெறுந்துவக்கின் வாய்க்குள் சின்னிவிரலை விட்டேன், தாராளமாகப் போனது. இவரே பெயரெடுக்கட்டும் என்று பரும்படி டப்பாவை மெல்ல இவர் பக்கம் தள்ளினேன்.

இவர் அதைத் தொடவில்லை. எல்லோருக்கும் கேட்க, தெரிந்த டேனிஷில், "நான் பொய். மனிசிக்குத்தான் தெரியும்" என்றார். காதெல்லாம் சிவந்திருந்தது.

நீல்ஸ் பரும்படியைப் போட்டு இடித்து மூன்று தரம் சுட்டான். புகை கலைய எல்லோரும் மானிடம் ஓடினார்கள். மூன்று குண்டும் ஒரு உள்ளங்கை அகலத்துக்குள். நீல்ஸ் வந்து என் கையைப் பிடித்துக் குலுக்கினான்.

அந்தக் காணியில் இப்போது வீடுகள் கட்டுகிறார்கள். நீல்ஸ் யூலண்டுக்குப் போய்விட்டான். இவர் போன பனிக்காலம் நெஞ்சுக்குள் நோகுது என்றார், ஆஸ்பத்திரிக்குப் போகுமுன்னரே போய்விட்டார். கடைசிவரை திருந்தவில்லை. மணிக்கூடு திருத்தத் தெரியும், வலை பின்னத் தெரியும் என்று எங்காவது அளந்துவிட்டு வந்து என்னைக் கேட்பார். பாதி எனக்கும் தெரியாது. இருவரும் குசினியில் அடுப்படியில் இருந்து யோசிப்போம்.

இப்போது எனக்கு என்ன தெரிந்தாலும், கேட்டு வர ஆளில்லை.