துண்டுக்கடியில் ஒரு கை

டாக்டர் விசுவநாதன் போய்விட்டார் என்ற செய்தி, மிளகுக் கிடங்கின் வாசலில் நான் சாயா குடித்துக்கொண்டிருந்தபோது வந்தது. சுமை இறக்கும் வர்கீஸ் சேட்டன் மூட்டையைக் கீழே வைத்துவிட்டு, "நம்ம டாக்டர் சாமி போயி" என்றார். மட்டாஞ்சேரித் தெரு முழுவதும் சுக்கு காயும் வாசனை. காயல் பக்கத்து வெளிச்சத்தில் தூசி மெல்ல மிதந்துகொண்டிருந்தது. எனக்கு ஏனோ அவருடைய சிவப்புக்கரைத் துண்டுதான் கண்முன் வந்தது.

அவரை அறிந்த உங்கள் எல்லோருக்கும் அந்தத் துண்டைத் தெரியும். அது எதற்கு என்பது சிலருக்குத்தான் தெரியும். அவர்கள் சொல்ல மாட்டார்கள். நான் சொல்லிவிடுகிறேன். இந்த வயதில் எனக்கு யாரிடம் வெட்கம்?

எழுபதுகளின் கடைசி. நான் மிளகுத் தரகன். கல்யாணமாகி ஓராண்டு ஆகியும் சாரதாவுக்குக் கணவனாக இருக்க என்னால் முடியவில்லை. மனம் விரும்பும், நெருங்கும்போது உடல் கைவிட்டுவிடும். "என்னை இஷ்டமில்லேன்னா சொல்லிடுங்க, நான் ஆலுவாவுக்கே போயிடறேன்" என்று அவள் பிறந்த வீட்டுக்குப் புடவைகளை அடுக்கத் தொடங்கிவிட்டாள். பிராட்வே கடைத்தெருவில் விற்ற லேகியத்தை வாங்கித் தின்றேன். வயிறு கெட்டதுதான் மிச்சம்.

டாக்டர் முன் உட்கார்ந்ததும் தலைவலி என்றேன். அவர் என்னையே பார்த்தார். பிறகு துண்டை என் கைமேல் போட்டு, அதற்கடியில் தன் கையை நீட்டினார். எங்கள் சந்தையில் விலை பேசுவது அப்படித்தான்: வாய் திறக்காமல், துணிக்கடியில் விரலைப் பிடித்து.

"வாயாலே சொல்ல வேண்டாம் ஓய். ஆமான்னா ஒரு விரலைப் பிடியும், இல்லேன்னா ரெண்டு. விடிகாலையிலே எழுந்துக்கறச்சே உடம்பு தயாரா இருக்கோ?"

ஒரு விரல்.

"அவகிட்டப் போறச்சே மட்டும் பயமா?"

ஒரு விரலை இறுகப் பிடித்தேன். கூடவே அழுகையும் வந்துவிட்டது. சன்னலுக்கு அப்பால் காயலில் ஒரு வள்ளம் ஓசையில்லாமல் போய்க்கொண்டிருந்தது. தினம் எத்தனை கட்டு பீடி என்று கேட்டபோது, பழக்கதோஷம், விரலைக் குறைத்துப் பிடித்தேன். "மிளகு விலையா பேசறோம்? பேரம் வேண்டாம்!" என்று சிரித்தார். நானும் சிரித்துவிட்டேன்.

சிறுநீரில் சர்க்கரை பார்த்தார், இரத்த அழுத்தம் பார்த்தார். "சர்க்கரை இருந்தா அதைக் கட்டணும். பிரஷர் மாத்திரையாலே வந்தா நான் மாத்தித் தரணும், நீரா நிறுத்தப்படாது. ஹார்மோன் குறைஞ்சவனுக்குத்தான் ஹார்மோன். ரத்தத்தை வரவழைக்கக் காத்தை இழுக்கற குழாய் இருக்கு, ஆபரேஷனும் இருக்கு. உமக்கு இதொண்ணும் வேண்டாம். பீடியை விடும். ஆத்துக்காரியை அழைச்சுண்டு வாரும்."

சாரதா பெட்டியும் கையுமாகத்தான் வந்தாள். டாக்டரைப் பார்த்துவிட்டு அப்படியே பஸ் ஏறுவதாக ஏற்பாடு. அவர் அவளிடம், "இவனுக்கு ஒம்மேலே பிரியம் ஜாஸ்தி. அதான் தோத்துடுவோமோன்னு பயம். ஒரு மாசத்துக்கு முயற்சியே பண்ணப்படாது. கையைப் பிடிச்சுண்டு படுங்கோ, போறும்" என்றார்.

"பிரியமா? இவருக்கா?" என்றாள் சாரதா.

"நீயே கேளு" என்று துண்டை எங்கள் இருவர் கைமேலும் போட்டுவிட்டு, அவர் எழுந்து சன்னல் பக்கம் போய் நின்றார். அவள் விரல்களை மட்டும் நீட்டினாள். நான் ஒன்றைப் பிடித்துக்கொண்டேன். பெட்டியை நான்தான் வீட்டுக்குத் தூக்கி வந்தேன். டாக்டர் சொன்ன ஒரு மாதத்தை எங்களால் முழுதாகக் காப்பாற்ற முடியவில்லை. அதைச் சொன்னபோது, "சொன்னதைக் கேக்காத நோயாளிதான் சீக்கிரம் குணமாறான்" என்றார்.

அண்மையில் பார்த்தபோது, "இப்போ இதுக்கு மாத்திரை, ஊசி எல்லாம் வந்திருக்கு ஓய். நல்லதுதான். ஆனா எந்த மருந்தும் சொல்லிக்கறவனுக்குத்தான்" என்றார். சொல்ல முடியாதவர்களுக்குத் துண்டு வைத்திருந்த மனிதர் அவர். இனி இந்தத் தெருவில் அவர்கள் யாரிடம் போவார்கள்?

செய்தியைச் சொன்னதும் சாரதா என் தோளிலிருந்த துண்டை எடுத்து எங்கள் கைகள்மேல் போட்டாள். அவரிடமிருந்து எனக்கு மிஞ்சியிருப்பது இந்த வழக்கம்தான்.

"ரொம்ப சங்கடமா இருக்கா?" என்றாள்.

ஒரு விரலைப் பிடித்தேன். அவள் என் கையை விடவில்லை.