ஓவர்கிளாக் ஏறாத கார்டுக்கு வாரண்டி உண்டா?

தருவைகுளத்து விசைப்படகு உரிமையாளர் ஒருவர் இன்று காலை எங்கள் கம்ப்யூட்டர் கடைக்கு வந்தார். போன மாதம் வாங்கிய கிராபிக்ஸ் கார்டை மேசையில் வைத்தார்.

"அண்ணாச்சி, இது கோளாறு புடிச்ச பீஸு. வீடியோவுல ஒருத்தன் இதே கார்ட ஓவர்கிளாக் பண்ணிப் பறக்க விடுதான். என்னுது வேகத்தக் கொஞ்சம் ஏத்துனாலே நின்னுருது. வாரண்டியில மாத்தித் தாங்க."

"பெட்டியில போட்டிருக்க வேகம் வருதா?"

"அது வருது."

"அப்போ கார்டு சொன்ன வேலையச் செய்யுது. அதுக்கு மேல ஆசப்பட்டது நீரு. ஆசைக்கு வாரண்டி கெடையாது."

மனிதர் விடவில்லை.

"கார்டு சூடானா வேகம் ஏறாதுன்னு சாக்கு சொல்லாதீங்க. எங்க ஐஸ் ரூம்ல மீன் பெட்டிக்கு நடுவுல வச்சே ஓட்டிப் பாத்துட்டேன். அங்கனயும் ஏறல!"

கடையே திரும்பிப் பார்த்தது. கார்டைப் புரட்டினேன். பின்களில் பச்சையாகக் களிம்பு ஏறியிருந்தது. விசிறியில் ஒரு மீன் செதில் ஒட்டியிருந்தது.

வாரண்டி படிவத்தை எடுத்தேன். குறை என்ற இடத்தில் 'மீனோடு ஐஸில் வைத்தும் வேகம் ஏறவில்லை' என்று எழுதி, எல்லோருக்கும் கேட்கும்படி வாசித்து, அவரிடமே கையெழுத்தும் வாங்கினேன்.

"கம்பெனிக்காரன் என்ன சொல்லுவான், அண்ணாச்சி?" குரல் இறங்கிவிட்டது.

"உப்பு பத்தலன்னு சொல்லுவான்."

வாடிக்கையாளரிடம் இப்படிப் பேசலாமா என்று கேட்பவர்கள் தாராளமாகக் கேளுங்கள். அதற்கு முன் ஒருமுறை கடைக்கு வந்து அந்தக் கார்டை முகர்ந்து பாருங்கள்.