அத்தை முயல் சுட்ட வருடம்

எங்கள் கொல்லையில் முயல்கள் புகுந்தபோது எனக்கு ஒன்பது வயது. புகுந்தன என்பதுகூடச் சரியில்லை, குடியேறின என்றுதான் சொல்லவேண்டும்.

அணைக்கட்டு ஊருக்கு மேற்கே, மலைச்சரிவு முடிந்து செம்மண் தொடங்கும் இடத்தில் எங்களுக்கு இரண்டரை ஏக்கர் மானாவாரி நிலம் இருந்தது; அதைத்தான் கொல்லை என்போம். ஆடியில் மல்லாட்டை போடுவோம். வேர்க்கடலைக்கு எங்கள் வீட்டில் வழங்கிய பெயர் அது. அந்த வருடம் மழை நேரத்துக்குப் பெய்ததில் விதை அத்தனையும் முளைத்து நின்றது. நாலு இலை விட்ட பிறகு ஒரு காலையில் போய்ப் பார்த்தால், மேற்கு ஓரத்தில் பத்துச் சாலில் செடியே இல்லை. வெறும் காம்புகள், கத்தரிக்கோலால் நறுக்கியதுபோல் சாய்வாக நின்றன. பக்கத்தில் கொண்டைக்கடலை அளவில் புழுக்கை.

அப்பா இதற்குத் தோல் ஷாப்புகளைத்தான் குற்றம் சொன்னார். ஆம்பூர், ராணிப்பேட்டைப் பக்கம் தோல் பதனிட ஆவாரம் பட்டை வண்டி வண்டியாகத் தேவைப்பட்டது. எங்கள் மலைச்சரிவிலிருந்த ஆவாரம் புதர்களையெல்லாம் வெட்டிப் பட்டை உரித்து ஏற்றிவிட்டார்கள்.

"அதுங்க வூட்டப் பிரிச்சிட்டாங்க. அதுங்க எங்க போவும்? நம்ம கொல்லைக்குத்தான் வரும்" என்றார் அப்பா.

முயல்களின் மேல் அவருக்குக் கோபம் இருந்ததாகத் தெரியவில்லை. ஆனாலும் வேலூருக்குப் போய்த் தோட்டா வாங்கி வந்தார். பயிரைக் காக்கவென்று லைசென்ஸ் வாங்கிய ஒற்றைக்குழல் துப்பாக்கி ஒன்று எங்கள் வீட்டுச் சுவரில் மாட்டியிருந்தது. எப்போதாவது பன்றி இறங்கினால் அப்பா அதை எடுப்பார்.

அதை எடுப்பதற்குள் அவரே கீழே விழுந்துவிட்டார். வீட்டுத் தோட்டத்துக் கிணற்றில் மாடு பூட்டிக் கவலை இறைக்கும்போது மாடு மிரண்டு, வடம் இழுத்து, தோள் அடிபட்டுக் காறை எலும்பு முறிந்தது. நாட்டு வைத்தியர் மூங்கில் பத்தை வைத்துக் கட்டி, ஒன்றரை மாதம் வலது கையைத் தூக்கக் கூடாது என்று சொல்லிவிட்டார்.

அதனால் முயல் ஓட்டும் வேலை என்னிடம் வந்தது. காலையிலும் சாயங்காலமும் ஓட்டை எண்ணெய் டின் ஒன்றைத் தட்டிக்கொண்டு வரப்பைச் சுற்றி வந்தேன். முதல் நாள் முயல்கள் ஓடின. இரண்டாம் நாள் நின்று பார்த்தன. மூன்றாம் நாள் ஒரு கிழட்டு முயல், நான் தட்டத் தட்ட, உட்கார்ந்த இடத்தில் உட்கார்ந்தபடியே மென்றுகொண்டிருந்தது. நான் அழுதுகொண்டே வீட்டுக்கு வந்தேன்.

அப்போது அத்தை எங்களோடு இருந்தாள். அப்பாவின் தங்கை. ராணிப்பேட்டையில் ஒரு தோல் ஷாப்பில் மேஸ்திரியாக இருந்தவருக்கு அவளைக் கட்டிக்கொடுத்திருந்தார்கள். ஏழு வருடம் பிள்ளை இல்லை. அவர் வேறொரு பெண்ணைக் கட்டிக்கொண்டதும், அத்தை ஒரு டிரங்குப் பெட்டியோடு பஸ்ஸில் வந்து இறங்கினாள். 'அத்தை கொஞ்ச நாள் இருக்க வந்திருக்காடி' என்று மட்டும் எனக்குச் சொன்னார்கள். அந்தக் கொஞ்ச நாள் எட்டு மாதமாகியிருந்தது. வீட்டுக்கு யாராவது வந்தால் அவள் சமையல்கட்டுக்குள் போய்விடுவாள். அம்மா ஏதாவது கேட்டால் "உம்" என்பாள். எல்லாரும் சாப்பிட்ட பிறகு சாப்பிடுவாள். அத்தை ஊமையாகிக்கொண்டு வருகிறாளோ என்று எனக்குச் சந்தேகமாக இருந்தது.

நான் அழுதுகொண்டு வந்த அன்று அப்பா கட்டிலில் படுத்தபடி அம்மாவிடம் சொன்னார். "இன்னும் பத்து நாள் இப்படியே போனா விதைக் கொட்டைகூட மிஞ்சாது."

"பக்கத்துக் கொல்லைக்காரரு சுடுவாராமே. துப்பாக்கியக் குடுத்துப் பாக்கறது?" என்றாள் அம்மா.

"அது என் பேர்ல கீது. வேற ஆம்பள கையில குடுத்தேன்னு தெரிஞ்சா லைசென்ஸ் போய்டும்."

சமையல்கட்டிலிருந்து அத்தையின் குரல் வந்தது. "ஆம்பள கையிலதானே குடுக்கக் கூடாது?"

எட்டு மாதத்தில் அவள் பேசி நான் கேட்ட நீளமான வாக்கியம் அதுதான். அம்மா அப்பாவைப் பார்த்தாள். அப்பா கூரையைப் பார்த்தார். பிறகு சிரிக்க ஆரம்பித்தார், எலும்பு வலித்து உடனே நிறுத்திக்கொண்டார்.

"எடுத்துக்கினு வாம்மா. தூக்க முடியுதா பாக்கலாம்."

அவளால் தூக்க முடிந்தது. சிறுமியாக இருந்தபோது சோளக்கொல்லையில் பரண்மேல் நின்று கவண் வீசிக் கிளி ஓட்டியவள் அவள். "கிளி உக்காந்திருக்கற எடத்துல வீசமாட்டா, போற எடத்துல வீசுவா" என்று அப்பா அம்மாவிடம் பெருமையாகச் சொன்னார். இரண்டு நாள் மத்தியானத்தில், தோட்டா போடாமல், எங்கே கன்னம் வைப்பது, எப்போது மூச்சைப் பிடிப்பது என்பதையெல்லாம் கட்டிலில் இருந்தபடியே சொல்லிக் கொடுத்தார்.

மூன்றாம் நாள் விடிந்ததும் நாங்கள் இரண்டு பேரும் போனோம். அத்தை புடவையைத் தூக்கிச் செருகிக்கொண்டு, மேலே அப்பாவின் பழைய சட்டையைப் போட்டிருந்தாள். என் வேலை கண்ணாக இருப்பது. நான் அவளுக்குப் பின்னால் குந்திக்கொண்டு, செடிகளுக்கு மேலே காது நுனி தெரிந்தால் முதுகில் தட்டவேண்டும். தட்டினேன். அத்தை சுட்டாள். முயல் மலையைப் பார்த்து ஓடியது. அத்தை துப்பாக்கி உதைத்ததில் பின்னால் சரிந்து, என்மேல் உட்கார்ந்தாள்.

"அடிபட்டுச்சா?" என்று பதறினாள்.

"முயலுக்கா, எனக்கா?" என்று கேட்டேன்.

வீட்டுக்கு வந்து சட்டையைக் கழற்றியபோது தோள்பட்டை நாவல்பழ நிறத்தில் கன்றியிருந்தது. அம்மா ஒத்தடம் கொடுத்துக்கொண்டே, "உனுக்கு எதுக்கு இந்தப் பேஜாரு" என்றாள். அத்தை ஒரு துண்டை நாலாக மடித்துத் தோளில் வைத்துப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

மறுநாள் அந்தத் துண்டோடு போனாள். வெளிச்சம் வந்துகொண்டிருந்தது. என் டின்னுக்கு அசையாமல் மென்ற அதே கிழட்டு முயல் அதே சாலில் இருந்தது. நான் தட்டியதும் அவள் உடனே சுடவில்லை. அது தலையைத் தூக்கி அடுத்த சாலுக்குத் தாவும் வரை காத்திருந்தாள். சத்தம் மலையில் மோதித் திரும்பி வருவதற்குள் அது விழுந்துவிட்டது.

ஓடிப்போய்க் காதைப் பிடித்துத் தூக்கியதும் பயந்துவிட்டேன். அது இன்னும் சூடாக இருந்தது. வாயில் பாதி மென்ற இலை பச்சையாக ஒட்டியிருந்தது. அத்தை அதை என் கையிலிருந்து வாங்கி, அந்த இலையை விரலால் எடுத்துப் போட்டாள். "அதும்மேல இன்னா தப்பு இருக்குது. பசிக்குத் துன்ன வந்துச்சு" என்றாள். அப்புறம், "நமக்கும் பசிக்கும்தானே" என்றாள். யாருக்குச் சொன்னாள் என்று தெரியவில்லை.

அன்று முதல் அவள் ஒரு முறை வைத்துக்கொண்டாள். பயிருக்குள் இருக்கும் முயலைத்தான் சுடுவது. வரப்பைத் தாண்டிவிட்டால் துப்பாக்கியைத் தாழ்த்திவிடுவாள். நாய்களோடு வந்து, "வாம்மா, புதரக் கலைக்கறோம், ஒரே நாள்ல பத்து வுழும்" என்று ஆசை காட்டிய ஊர்க்காரர்களிடம், "கொல்லைக்கு வராததோட எனக்கு இன்னா சண்டை?" என்றாள். இரண்டு வாரத்தில் ஐந்து முயல் விழுந்தது. மற்றவை எங்கள் கொல்லையை விட்டு விலகின. கடித்த காம்புகள் பக்கத்தில் புதுத் துளிர் விட்டன. அத்தை எங்களோடு உட்கார்ந்து சாப்பிட ஆரம்பித்ததும் அந்த நாட்களில்தான். முயல் கறி அவளே ஆக்குவாள், மிளகு சற்று ஜாஸ்தியாக.

அப்பா கட்டிலில் கிடக்க, கொல்லையில் வெடிச் சத்தம் கேட்டால் ஊர் சும்மா இருக்குமா? ஒரு நாள் கிராம முன்சீப் வந்துவிட்டார். லைசென்ஸ் போனால் துப்பாக்கி போகும், துப்பாக்கி போனால் முயல்கள் திரும்பி வரும், அப்பாவை வேலூருக்கு விலங்கு போட்டுக் கூட்டிப் போவார்கள் என்பதுவரை நான் யோசித்து முடித்துவிட்டேன்.

"யாருய்யா சுடறது?" என்றார் முன்சீப்.

"நான்தாங்க. ஒரு கையால சமாளிக்கறேன்" என்றார் அப்பா, மூங்கில் பத்தைக்குள் இருந்தபடி.

முன்சீப் பத்தையைப் பார்த்தார். அப்போது அத்தை சமையல்கட்டிலிருந்து கையைத் துடைத்துக்கொண்டு கூடத்துக்கு வந்தாள். வீட்டுக்கு வந்த வெளியாள் ஒருவர் முன்னால் அவள் வந்து நின்றதை அன்றுதான் நான் பார்த்தேன்.

"நான்தாங்க சுட்டேன். அண்ணன்மேல தப்பு இல்ல."

"எத்தினி தோட்டா?"

"ஏழு. வுழுந்தது அஞ்சு."

முன்சீப் கொஞ்ச நேரம் மீசையைத் தடவினார். "எங்க கொல்லையிலயும் அவரைய மொட்டையடிக்குதுங்க" என்று அப்பாவைப் பார்த்துச் சொன்னார். அப்புறம் குரலை மாற்றிக்கொண்டு, "இப்படியே வுட்டா எவனாச்சும் மொட்டைப் பெட்டிஷன் போடுவான். தங்கச்சி பேரயும் லைசென்ஸ்ல சேக்கணும்னு எழுதிக் குடு. நான் கையெழுத்துப் போட்டு அனுப்பறேன்" என்றார்.

அப்பாவின் கட்டைப் பார்த்துவிட்டு, தானே காகிதம் எடுத்தார். பெயர் எழுதிவிட்டு நிமிர்ந்தார். "யாரோட சம்சாரம்னு போடறது?"

"அண்ணன் பேரப் போட்டு, தங்கச்சின்னு எழுதுங்க" என்றாள் அத்தை.

அவர் ஒரு நிமிடம் பேனாவைத் தூக்கிப் பிடித்திருந்தார். பிறகு அப்படியே எழுதினார். தாலுகா ஆபீஸ் வழியாகச் சுற்றி அந்த அனுமதி வரக் கிட்டத்தட்ட இரண்டு மாதம் ஆனது. அதுவரை அத்தை துப்பாக்கியைத் தொடவில்லை. முயல்களுக்கு அது தெரியாததால் அவை வரவில்லை. காகிதம் வந்த அன்று, மூன்றாம் வகுப்பு வரை படித்த அத்தை, தன் பெயர் இருந்த வரியை விரல் வைத்து எழுத்துக் கூட்டி நாலு முறை படித்தாள்.

ஐப்பசியில் ராணிப்பேட்டை மாமா வந்தார். கையில் பிஸ்கட் பொட்டலமும், காகிதத்தில் சுற்றிய ஒரு புடவையும் இருந்தன. நான் நினைத்திருந்த அளவுக்குக் கெட்டவராக அவர் தெரியவில்லை. களைத்துப்போயிருந்தார். அப்பா, "வாங்க மாப்ள" என்று பாய் போட்டார். அம்மா மோர் கொடுத்தாள்.

"கொழந்த பொறந்து ஒரு மாசமாவுது, மச்சான். அவளுக்கு ஒடம்பு தேறல. கொழந்தையப் பாக்க வூட்ல ஆள் இல்ல. இவள அனுப்பிவெச்சீங்கன்னா..." என்று சொல்லி, மோர் டம்ளரைப் பார்த்தார்.

அப்பா அத்தை பக்கம் திரும்பினார். அத்தை கதவோரம் நின்றிருந்தாள்.

"மல்லாட்ட புடுங்கற வரைக்கும் வரமுடியாது. காவலுக்கு நான்தான்" என்றாள்.

"புடுங்கினதும் வந்து இட்டுக்கினு போவட்டுமா?"

"அதுக்கப்புறம் கொள்ளு இருக்குது" என்றாள் அத்தை. குரலில் கோபம் இல்லை. "கொழந்தைக்கு இன்னா பேரு வெச்சீங்க?" என்று கேட்டாள். அவர் சொன்னார். நல்ல பேர் என்றாள். சாப்பிட்டுவிட்டுத்தான் போகவேண்டும் என்று சொல்லி இலை போட்டாள்.

மாமா சாப்பிட்டார். புடவையைத் திரும்ப எடுத்துக்கொண்டார். செருப்பை மாட்டும்போது அத்தையை ஒருமுறை நிமிர்ந்து பார்த்துத் தலையை ஆட்டிவிட்டு, அப்பாவோடு பஸ்ஸுக்கு நடந்தார்.

நான் அந்தப் பேச்சில் ஒரு சொல் விடாமல் கேட்டிருந்தேன். எனக்கு விளங்கியது இதுதான்: மல்லாட்டை பிடுங்கியதும் அத்தை போய்விடுவாள். கொள்ளு என்று அவள் சொன்னதை நான் பொருட்படுத்தவில்லை. கொள்ளுக்கு யாராவது காவல் இருப்பார்களா?

அதிலிருந்து எனக்குத் தூக்கம் போயிற்று. முயல்கள் வந்து பயிரைத் தின்றுவிட்டால் காவலுக்கு வேலை இல்லை, அத்தை போய்விடுவாள். தின்னாவிட்டால் பயிர் முற்றும், பிடுங்குவார்கள், அப்போதும் போய்விடுவாள். எந்தப் பக்கம் யோசித்தாலும் அவள் டிரங்குப் பெட்டியில்தான் போய் முடிந்தது. காய் முற்றிவிட்டதா என்று தினம் ஒரு செடியைப் பிடுங்கிப் பார்த்தேன். அம்மா பார்த்துவிட்டு முதுகில் இரண்டு வைத்தாள். காரணம் கேட்டதற்கு, "பசி" என்று சொன்னேன்.

கார்த்திகைக் கடைசியில் பத்துப் பெண்கள் வந்து பிடுங்க ஆரம்பித்தார்கள். அப்படி ஒரு விளைச்சலை அந்தக் கொல்லை கண்டதில்லை என்று எல்லாரும் சொன்னார்கள். கட்டவிழ்த்த கையோடு அப்பா வரப்பில் நின்று, கொத்துக் கொத்தாகக் காய் தொங்கும் செடிகளைத் தூக்கித் தூக்கிப் பார்த்தார். மத்தியானத்துக்கு மேல் ஒரே ஒரு சால் மிச்சம் இருந்தது. மேற்கு ஓரத்துச் சால். நான் போய் அதன் குறுக்கே படுத்துக்கொண்டேன்.

"எழுந்திருடி" என்றாள் அம்மா. எழவில்லை. "இன்னாடி இது கூத்து?" என்று பெண்கள் சிரித்தார்கள். நான் இரண்டு கையாலும் செடிகளைப் பிடித்துக்கொண்டேன். கடைசியில் அத்தை வந்து பக்கத்தில் உட்கார்ந்தாள்.

"இன்னா சொல்லு."

"இதையும் புடுங்கிட்டா நீ ராணிப்பேட்டைக்குப் போய்டுவே."

அத்தை என்னையே பார்த்துக்கொண்டிருந்தாள். முதலில் அவள் கண் கலங்கியது. பிறகு சிரிப்பு வந்துவிட்டது. செம்மண்ணில் கையை ஊன்றிக்கொண்டு, தோள் குலுங்கச் சிரித்தாள். அம்மாவும் அப்பாவும் ஒன்றும் புரியாமல் நின்றார்கள்.

"அண்ணி, இந்த ஒரு சால வுட்டுடுங்க" என்றாள்.

விட்டுவிட்டார்கள். இரண்டரை ஏக்கர் வெறும் செம்மண்ணில் அந்த ஒற்றைச் சால் மட்டும் பச்சையாக நின்றது. ஒரு வாரத்தில் முயல்கள் வந்து அதைத் தின்று தீர்த்தன. அத்தை துப்பாக்கியை எடுக்கவில்லை. நான் பயந்தேன். ஆனால் அவள் போகவில்லை. கொள்ளு விதைத்தார்கள், பங்குனியில் அறுத்தார்கள், மறுபடியும் ஆடி வந்தது. அத்தை எங்கள் வீட்டில்தான் இருந்தாள்.

அந்தச் சாலின் குறுக்கே படுத்து நான்தான் அத்தையை நிறுத்திவைத்தேன் என்று பல வருடம் நம்பியிருந்தேன். வருகிறவர்களிடமெல்லாம் சொல்லியும் இருக்கிறேன். அத்தை பக்கத்திலேயே உட்கார்ந்து கேட்டுக்கொண்டிருப்பாள். ஒருமுறைகூட இல்லை என்று சொன்னதில்லை.